பொலேத் வாங்கிய மாணவர் சலுகை

பொலேத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சைகோனில் ஒரு முதியோர் இல்லத்தில் என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவள். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியப் பெண். எங்களுக்கெல்லாம் அவள் பொலேத். அரசாங்கத் தாள்களில் மட்டும், எழுபத்தைந்தில் ஆட்சி மாறிய பிறகு அம்மா பதிந்த வியட்நாமியப் பெயர்: இங்குயென் தி லே.

சைகோனை ஒட்டிய தூ டுக்கில் ஒரு கல்லூரியில் செவிலியர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பட்டம் கிடைத்தால் இல்லத்தில் தலைமைப் பொறுப்பு அவளுக்கு என்று பேச்சு. கடைசி அறிக்கையை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். செவ்வாயன்று, அவள் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளின் முப்பது நாள் இலவசக் கெடு முடிந்தது. அறிக்கையைப் படிக்க முடிந்தது, திருத்த முடியவில்லை. வேறு இலவச மென்பொருளில் திறந்தால் கல்லூரி கொடுத்த படிவத்தின் அட்டவணைகள் குலைந்தன.

அவள் தம்பி ரொபேர் வழி சொன்னான்: "கீழ கடையில திருட்டுக் காப்பி போட்டுத் தருவான். எதுக்கு இந்தப் பாடு?"

"போன வருஷம் அதப் போட்டு வைரஸ் வந்துதானே இல்லத்துல மருந்து அட்டவணை முழுக்கப் போச்சு. வேணாம் ரொபேர்."

மாணவர்களுக்கு அந்த மென்பொருள் இலவசம் என்று விசாரித்து அறிந்தாள். கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்து, மாணவர் அட்டையைப் படமெடுத்து மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பினாள். மறுத்துவிட்டார்கள். மறுபடி அனுப்பினாள். மறுபடி மறுப்பு.

"படத்துல ஒம் மூஞ்சியப் பாத்திருப்பான். பேரன் எடுக்குற வயசுல மாணவியாம்" என்றான் ரொபேர்.

எனக்கும் வயதுதான் காரணமென்று பட்டது. விலை கொடுத்தே வாங்கிவிடு என்றேன்.

"இருங்கக்கா, என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்."

மறுப்புக் கடிதத்தை முழுதும் படித்தாள். 'விவரங்கள் ஒத்துப்போகவில்லை.' வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள். மருந்து கொடுக்கும் முன் அப்படித்தான் பார்ப்பாள். விரல் பெயரில் நின்றது. விண்ணப்பத்தில் பொலேத், அட்டையில் லே.

"தப்பு எம்மேலதான்க்கா. கைப்பட்டையில ஒரு பேரு, மருந்துச் சீட்டுல வேற பேருன்னா நாம மருந்து குடுப்போமா?"

"மாட்டோம்."

"அவனும் குடுக்கல."

அட்டையில் உள்ளபடி பெயரை மாற்றி அனுப்பினாள். நாங்கள் இரண்டு படுக்கைக்கு விரிப்பு மாற்றி முடிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அறிக்கை போய்ச் சேர்ந்தது.

இப்போது அவள்தான் தலைமை. மருந்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: கல்லூரி மின்னஞ்சல், அட்டையில் உள்ள பெயர், வருடம் ஒருமுறை புதுப்பிக்கும் தேதி. அதைப் பார்த்து, படிக்கச் சேர்ந்த ஆறு பராமரிப்பாளர்கள் இதுவரை மாணவர் சலுகையை வாங்கிவிட்டார்கள்.

போன மாதம் ரொபேர் வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தான்.

"எனக்கும் கெடைக்குமா?"

"கெடைக்கும். மொதல்ல படிக்கச் சேரு" என்றாள்.