பதினாறு தடமும் ஒரு கம்பளிப் போர்வையும்

இஜ்ஜா அந்த மடிக்கணினியைக் கம்பளிப் போர்வையில் சுற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தும் விட்டாள். தீஸ்னித் நகரக் கடைத்தெருவில் பழைய கணினி விற்கும் உமர் தலையில் கை வைத்துக்கொண்டான். காலையிலிருந்து இது நான்காவது.

"அக்கா, நீ வாங்க வந்தியா, வேகவைக்க வந்தியா?"

"ரெண்டு மணி நேரம் உள்ள கெடந்து ஓடட்டும். நடுவுல நின்னுச்சுன்னா நீயே வச்சுக்க."

போர்வைக்குள் கடைத்தெருவின் இரைச்சல் பதினாறு ஒலித்தடங்களில் பதிவாகிக்கொண்டிருந்தது. முதல் கணினி இருபது நிமிடத்தில் மூர்ச்சையானது. இரண்டாவதன் அடியில் முலாம்பழம் வாங்குகிறவளைப் போலக் காதை வைத்துப் பார்த்து, "விசிறி கத்துது" என்று தள்ளிவிட்டாள். மூன்றாவதன் திரை அழகை உமர் வாய் வலிக்கப் புகழ்ந்தான். "கண்ணுக்கா வாங்குறேன்? காதுக்குடா" என்றாள்.

இஜ்ஜா வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிச்ச நாளில் மலை ஊர்களின் அஹ்வாஷ் என்னும் பாட்டாட்டத்தைப் பதிவு செய்கிறவள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, நடுவே மேளக்காரர்கள். யார் குரலும் யார் குரலிலும் கரைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனி மைக், தனித் தடம். அவள் சாமான்களை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்பாள். எங்கள் பக்கம் அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவள் கவலைப்பட்டதில்லை. ஆனால் போர்வையை மட்டும் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

போன வருடம் மலை ஊரில் லஹ்சன் வீட்டு மூத்த பெண் கல்யாணம். பெறுமதியான எதையும் மூடி வைப்பது எங்கள் வழக்கம், மணப்பெண் முதல் ரொட்டிக்கூடை வரை. ஆட்டக்காரர்களின் காலடியில் புழுதி கிளம்பியது. விருந்தாளியின் கணினியை லஹ்சன் சும்மா விடுவாரா? மனைவி நெய்த கம்பளியைக் கொண்டுவந்து பாசத்தோடு போர்த்திவிட்டார். பாட்டுக்காரர் முபாரக், எதிர்வரிசை ஃபத்மாவைப் பார்த்து எடுத்து விட்டார்: "உன் கிணற்றில் தண்ணீர் உண்டா, கயிறு மட்டும்தானா?" ஃபத்மா பதில் பாட வாயைத் திறந்தாள். கணினி வெந்து அணைந்தது.

அந்த இடத்திலேயே கட்டிப் பாடுகிற பாட்டு அது. இன்னொரு தரம் பாடு என்று கேட்பதே அவமானம். இஜ்ஜா வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "சொன்னதையே திருப்பிச் சொல்ல நான் என்ன மலையா?" என்று ஃபத்மா எழுந்து போனாள். அன்றிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கக் கைப்பேசிகளில், அவள் பதிவில் தப்பிய முபாரக்கின் கேள்வி மட்டும் ஓடுகிறது. "என்ன ஃபத்மா, கெணத்துல தண்ணி வந்துச்சா?" என்று சந்தையில் சீண்டுகிறார்கள். ஒவ்வொரு சீண்டலும் தன் கன்னத்தில் விழுகிற அறை என்பாள் இஜ்ஜா.

"போர்வை வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு வீட்டம்மா நெய்தது அண்ணே. அத வேணாம்னா, வீட்டையே வேணாம்னு சொன்ன மாதிரி. போர்வை மாறாது. லேப்டாப்பத்தான் மாத்தணும்."

கடையில் இரண்டு மணி நேரம் முடிந்தது. போர்வையைப் பிரித்தாள். பதினாறு தடமும் அறுபடாமல் ஓடியிருந்தன.

"அது ஆமை, அக்கா" என்று உமர் அலுத்துக்கொண்டான். "விசிறியே கெடையாது. வெளையாட முடியலன்னு பசங்களே திருப்பிக் குடுத்தது."

"ஆமையா இருக்கட்டும். சூடாகல, நிக்கலல்ல? கட்டு."

வியாழக்கிழமை லஹ்சனின் இரண்டாவது மகள் கல்யாணம். வெயில் சாயும் நேரம். அதே முற்றம், அதே இரண்டு பாட்டுக்காரர்கள். ஆட்டம் தொடங்கியதும் கம்பளி வந்தது. போர்த்தும்போது இஜ்ஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

முபாரக் விடுவாரா? அதே கிணற்றை எடுத்தார். முற்றமே சிரித்தது. ஃபத்மா அவரைப் பார்க்கவில்லை. கம்பளி மூடிய கணினியைப் பார்த்தாள். பிறகு பாடினாள்:

"தண்ணீர் உண்டு. குனியத் தெரியாதவன் தாகத்தோடு போகட்டும்."

குலவை எழுந்தது. முபாரக்கே மேளத்தைத் தட்டிச் சிரித்தார். இஜ்ஜா கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பதினாறு கோடுகளும் துள்ளிக்கொண்டிருந்தன. எங்கள் இஜ்ஜாவை நினைத்து என் நெஞ்சு நிமிர்ந்தது.

லஹ்சன் குனிந்து கணினியைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். "ஐயோ தாயி, சூடே ஏறலையே! பாவம், குளிருது போல." உள்ளே ஓடி இன்னொரு கம்பளியோடு வந்தார்.

இஜ்ஜா அதை இரண்டு கையாலும் வாங்கி, முதல் கம்பளியின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் இறுகச் செருகிவிட்டாள்.