எட்டு விளக்கும் எரிந்தன

1. திறப்புக்கு முந்தின நாள்

"வசந்தா, கீழ இருக்கற மூணு கம்ப்யூட்டரும் பறக்குது. மாடியில ஆறும் நகர மாட்டேங்குது. நாளைக்குக் காலையில திறப்பு. கீ ஹோலோ?"

என்ன ஆயிற்று என்று கேட்டவர், ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் எங்கள் முதலாளி சோமேன்-தா; 'தா' என்றால் அண்ணன். அவர் பேசியதெல்லாம் பெங்காலிதான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். இடம் கரியாஹாட் அருகே ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். மாடி லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கீழே கவுன்ட்டருக்கு நெட்வொர்க்கில் வர வேண்டும். வராமல் இல்லை, வந்தது. ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

ஒன்பது கேபிளும் நான் வீட்டில் உட்கார்ந்து செய்தவை. என் ஆறு மாத புரொபேஷன் முடிகிற வாரம் அது. "பொம்பளை ஏணியில ஏறி ஒயர் இழுப்பாளா?" என்று சோமேன்-தாவின் பார்ட்னர் முதல் நாளே என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தார். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரக் கடிதம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மாடிக் கேபிளில் டெஸ்டரை மாட்டினேன். கேபிளுக்குள் இருக்கிற எட்டு ஒயருக்கும் ஒன்றாக, ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாகப் பச்சையில் எரிந்தன. கேபிளில் குறை என்றால் சரிசெய்யலாம். குறையே இல்லை என்று டெஸ்டர் சொன்னால் என்ன செய்வது?

2. பூஜை விடுமுறையில் நடந்தது

துர்கா பூஜையின் அஷ்டமி, நவமி இரண்டு நாளும் டாக்குரியாவில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க நீல ஒயர். வெளியே பந்தலில் தாக் மேளம் முழங்க, உள்ளே நான் ஒயர் நறுக்கிக்கொண்டிருந்தேன். எந்தக் கலர் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற சார்ட்டை ஆபீஸ் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பூஜை முடியாமல் ஆபீஸ் திறக்காது.

என் கணவருக்கு ரயில்வேயில் டிராயிங் செக்‌ஷன். கோடு கோணினால் சாப்பாடு இறங்காத மனிதர். ஒரு அட்டையில் கலர் பென்சிலால் வரைந்தே கொடுத்துவிட்டார்.

"ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. எவ்வளவு நீட்டா வருது பாரு."

"நடுவுல ஏதோ மாறி வரும்னு ஞாபகம்."

"எதுக்கு மாறணும்? ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா கரண்டுக்கு என்ன தெரியப்போறது?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் கேபிளை முடித்து மாட்டிப் பார்த்தால் டெஸ்டரும் அவர் பக்கம். அத்தனையையும் அப்படியே முனைக்கு ஒரு ப்ளக் வைத்து அழுத்தி க்ரிம்ப் செய்தேன்.

3. பதினாலு ப்ளக்

நர்ஸிங் ஹோமில் எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டோம், கம்ப்யூட்டர்களில் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. சர்வர் பெட்டியோடு ஒரு முழ நீளத்தில் கம்பெனி கேபிள் ஒன்று வந்திருந்தது. அதன் ப்ளக்கை என்னுடையதன் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் பச்சை ஜோடி மூன்றாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் பிரிந்து போய், நடுவில் நீல ஜோடிக்கு இடம் விட்டிருந்தது.

விஷயம் இதுதான். சிக்னல் மூன்றிலும் ஆறிலும் சேர்ந்து போகிறது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் பக்கத்து ஒயரின் சிக்னல் இதில் வந்து கலக்காது. நான் போட்டதில் மூன்று பச்சை ஜோடியிலிருந்து, ஆறு நீல ஜோடியிலிருந்து. குட்டைக் கேபிள் இதைப் பொறுத்துக்கொள்ளும். மாடி வரை போகிற நீளக் கேபிள் பொறுக்காது.

"தப்பு என்னுது, சோமேன்-தா. மாடிக் கேபிள் ஆறும் தப்பு."

அவர் திட்டவில்லை. "எத்தனை ப்ளக் கையில இருக்கு?"

"பதினாலு. வேண்டியது பன்னிரண்டு."

ப்ளக் விற்கிற சாந்தினி மார்க்கெட் பூஜை விடுமுறை முடிந்து இன்னும் திறக்கவில்லை. ரவிக்கையில் பிரித்துவிடத் துணி உள்ளே மடித்து வைக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் அதிகம் விட்டிருந்தேன். அது காப்பாற்றியது. ஏணியில் ஏறி, பழைய ப்ளக்குகளை நறுக்கினேன். நாலாவது ப்ளக்கில் பிரவுன் உள்ளே போகாமல் நழுவி, ஒன்று வீண். அதற்கப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்தினேன்.

பன்னிரண்டாவது முடிந்ததும் மாடியிலிருந்து ரிப்போர்ட் அனுப்பச் சொன்னேன். நான் ஏணியை விட்டு இறங்குவதற்குள் வந்துவிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகவும் இல்லை.

பார்ட்னர் வருகிறார் என்று ஆள் சொன்னதும் சோமேன்-தா காதருகே குனிந்தார். "ஸ்விட்ச் தகராறுன்னு சொல்லிடட்டுமா? முதல் வருஷம் நானும் இதே தப்பைப் பண்ணினேன். கஸ்டமர் தலையில புது ஸ்விட்சையே கட்டிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"வேண்டாம். நானே சொல்றேன்."

சொன்னேன். பார்ட்னர் ஏணியைப் பார்த்தார், கொப்புளம் போட்ட என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"கீழ இருக்கற மூணு?"

"அதுவும் தப்புதான். குட்டைங்கறதால ஓடுது. ப்ளக் ஒண்ணுதான் மிச்சம்."

"அப்ப சாந்தினி திறந்ததும் அதையும் நீயே வந்து மாத்திடு. வேற யாரையும் அனுப்ப மாட்டேன்."

கடிதம் அடுத்த வாரம் டைப் ஆகி வந்தது. எனக்கு வேலை கிடைத்தது அந்த "நீயே"யில்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒயர் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் டெஸ்டர் சொல்லும், எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாது. அதைப் போட்டவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பார்ட்னரிடம் உண்மையைச் சொன்ன அன்று கரியாஹாட்டிலிருந்து டாக்குரியா வரை நடந்தே வீட்டுக்குப் போனேன். பஸ் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை, மனசு அவ்வளவு லேசாக இருந்தது.