கண்ணை மூடினால் தெளியும் சுவர்

என் தங்கச்சிக்கு வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து எனக்கே வாயைக் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓவியக் கண்காட்சி நடக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பாள். போன வருஷம் ஒரு ஆர்ட்டிஸ்ட் பெண் வந்து, உள் அறை முழுக்கக் கறுப்பு அடித்து, நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டாள். அதில் உட்காருகிறவர் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். மூளையில் ஓடுகிற அலைகளை அது பிடித்து எதிர்ச் சுவருக்கு அனுப்பும். சுவரில் ஒரு குளம். மனசு அமைதியாக இருந்தால் தண்ணீர் தெளிந்து நீலமாக நிற்கும். தவித்தால் அடியிலிருந்து சேறு கிளம்பிக் கலங்கும். மனசுக்குள் இருப்பதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அந்தச் சுவரைக் காட்டியாவது பேசட்டும் என்பது அந்தப் பெண்ணின் எண்ணம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை.

உள்ளே வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலில் யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும். என் தங்கச்சியை உட்காரவைத்தார்கள். இருட்டில் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாளாம், குளம் பளிச்சென்று தெளிந்துவிட்டது.

"கண்ணை மூடினா யாருக்குமே கொஞ்சம் தெளியும்க்கா, மூளையோட சுபாவம் அது. உங்களுக்கு ரொம்பவே தெளியுது" என்றாளாம் ஆர்ட்டிஸ்ட். அன்றோடு பை வாங்கும் வேலை போய் நாற்காலி வேலை வந்தது. அங்கே அவளுக்குப் பெயரே 'நீலக்கா' என்றாகிவிட்டது.

இதை அவள் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டுடுமாம். நீ மூடினா குளமே தெளியுதா? பலே ஆளுதான்டி நீ!"

அவள் சிரிக்கவில்லை. "கண்ணைத் திறந்து உக்காந்தா என்ன வருதுன்னு ஒருநாள் பாத்தேன்க்கா. யாரும் இல்லாதப்போ."

"என்ன வந்துச்சு?"

"சேறு. மேல வரைக்கும். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில கண்ணைத் திறக்கவே பயமா இருக்கு."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று தெரியாமல் நிற்பாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுவாள். தூக்கம் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குக்கா. நான் கத்தறேன், யாருக்கும் கேக்கல" என்றாள். மனநல டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் சம்மதிக்க வேண்டுமே என்றாள்.

அவர் என்றால் எங்கள் மாப்பிள்ளை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். சண்டை போடலாம் என்றால் ஒரு காரணம் அகப்படாது அவரிடம்.

"மனசு டாக்டரா? பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்கக்கா. நாளைக்குப் பசங்களுக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கில்ல?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "பல்லு வலிச்சா டாக்டர், முட்டி வலிச்சா டாக்டர். மனசு மட்டும் தானா ஆறிக்கணுமா மாப்பிள்ளை?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "சரி, அவ வேலை பாக்கிற இடத்துலதான் மனசைக் காட்டற சுவர் இருக்கே, அதையே பாத்துடுவோம். கலங்கினா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். தெளிஞ்சா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். "கண்ணை மட்டும் மூடிடாதடி, மத்ததைச் சுவரு பாத்துக்கும்" என்று தங்கச்சியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நானும் போனோம். அறையில் நல்ல கூட்டம். தங்கச்சி உட்கார்ந்தாள், பட்டையைக் கட்டினார்கள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். சுவரின் அடியில் லேசாகப் பழுப்பு கிளம்பியது.

"ஐயையோ, என்னடா இது?" என்று மாமியார் மகன் கையைப் பிடித்தார்.

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், இவள் கண்ணை மூடிக்கொண்டாள். சேறு அடங்கி, குளம் நீலமாக விரிந்தது. கூட்டம் 'ஆஹா' என்றது. மாப்பிள்ளை போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். "பாத்தீங்களாக்கா! எவ்வளவு சுத்தமான மனசு!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "கண்ணைத் திறடி!" என்று கத்திவிட்டேன்.

திறந்தாள். திறந்த மாத்திரத்தில் சேறு பொங்கியது. நீலத்தை விழுங்கி, சுவரின் மேல் விளிம்புவரை ஏறி, அங்கேயே சுழன்றது. அது என் தங்கச்சி. இத்தனை நாளாக அவள் சொல்லி யாருக்கும் கேட்காதது அதுதான்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

மாப்பிள்ளை போனைத் தாழ்த்திவிட்டு ஆர்ட்டிஸ்டைப் பார்த்தார். "மேடம், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு. அவங்க கண்ணை மூடினதாலதான் அப்போ..."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கத்தினதுல பயந்துட்டாக்கா. இருட்டுல இப்படிக் கத்தினா யாருக்குத்தான் கலங்காது?"

யார் பேச்சிலும் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. தங்கச்சி அவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

குளம் தெளிந்தது.

"ம், இப்ப சரியாயிடுச்சு" என்று மாப்பிள்ளை மறுபடியும் போனைத் தூக்கினார். யாரோ கைதட்டினார்கள்.

"போதும்க்கா, கண்ணைத் திறங்க. அடுத்தவங்க நிக்கிறாங்க" என்றாள் ஆர்ட்டிஸ்ட். தங்கச்சி திறக்கவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சுவரில் ஒரு சின்ன அலைகூட எழவில்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இங்க திரும்பி இவளைப் பாருங்க" என்றேன்.

"இருங்கக்கா, படம் நல்லா வந்துட்டிருக்கு" என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.