சர்க்யூட் கட்டிய கம்ப்யூட்டர்

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் அவருக்கு வேலையிடத்திலும் உறவிலும் ஒரே பெயர்தான்: சர்க்யூட். சூடேறாத இஸ்திரிப்பெட்டி, சுற்றாத ஃபேன், பேசாத ரேடியோ எதுவானாலும் அவர் கைக்கு வரும். பாதி சரியாகித் திரும்பும். மீதிப் பாதி, "இதுல இனிமே ஒண்ணும் இல்ல" என்ற தீர்ப்போடு திரும்பும். இரண்டையும் ஒரே கம்பீரத்தோடு கொடுப்பார். இளவயதில் மின்னணுப் படிப்பில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே தேர்ச்சி பெறாமல் வெளியே வந்தவர். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று அவர்தான் இருபத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்.

அவருடைய அக்கா பன்னிரண்டு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை. முதல் மாதம் சோதனைக் காலம். மூன்று கோப்புகள் தாமதமானால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்றார் அக்காவின் கணவர். சர்க்யூட்டுக்குச் சுருக்கென்றது.

"என்ன அத்தான், வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், கடைக்குப் போறேங்கிறீங்க? உதிரியா வாங்கி நானே கட்டித் தர்றேன். கடைக்காரன் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, நான்கு மணி நேரத்தில் கட்டி முடித்தார். விளக்கு எரிந்தது, திரை வந்தது, வீடே கை தட்டியது. ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு அணைத்தார்.

மறுவாரம் அக்கா வேலையைத் தொடங்கினாள். முதல் கோப்பு பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தது. முன்னறிவிப்பு கிடையாது, திரையில் ஒரு செய்தி கிடையாது. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் எழுந்து போனதுபோல டக்கென்று நின்றது. மறுபடி போட்டால் வந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி போனது.

சர்க்யூட் தொலைபேசியிலேயே வைத்தியம் பார்த்தார். முதல் நாள், சுவரில் இருக்கும் பிளக் சரியில்லை. இரண்டாம் நாள், அறையில் காற்று வரவில்லை, ஜன்னலைத் திற. மூன்றாம் நாள், அக்கா மகள் விளையாட்டு எதையோ ஏற்றியிருக்கிறாள், அவளைப் பக்கத்தில் விடாதே. பன்னிரண்டு வயது மருமகளுக்கு அன்றோடு கம்ப்யூட்டர் தடை செய்யப்பட்டது. நான்காம் நாள் உறவினர் ஒருவர் வீட்டு விருந்தில், பத்துப் பேருக்கு நடுவே அத்தான் பேச்சை எடுத்தபோது, சர்க்யூட் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மெஷின்ல ஒரு தப்பும் இல்ல அத்தான். பன்னெண்டு வருஷம் கரண்டி பிடிச்ச கை. அதுதான் பயந்து அணைஞ்சிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இரண்டு கோப்புகள் தாமதமாகிவிட்டன. மூன்றாவது கோப்பு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல், சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பையும் ஸ்க்ரூ டிரைவருமாக சர்க்யூட் நேரிலேயே வந்தார். மருமகள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. உங்க கம்ப்யூட்டர் காலையிலேயே ரெண்டு தடவை மயங்கி விழுந்துடுச்சு."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. அம்மா எங்க?"

அம்மா மேசை முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள். "நீ கேப்பேன்னு எழுதி வச்சேன்டா" என்று நீட்டினாள். ஒவ்வொரு முறை அணைந்தபோதும் அதற்கு முன்னால் தான் என்ன செய்தாள் என்று அக்கா குறித்திருந்தாள். சர்க்யூட் நின்றபடியே படித்தார்.

'செவ்வாய் 10.40. வேகமாக அடித்தேன். அணைந்தது.'

'புதன் 11.15. மெதுவாக அடித்தேன். அணைந்தது.'

'புதன் 3.05. பக்கத்தில் தண்ணீர் குடித்தேன். அணைந்தது.'

'வியாழன் 9.50. நாற்காலியை இழுத்தேன். அணைந்தது.'

'வெள்ளி 12.20. ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அணைந்தது.'

அவர் நோட்டை மூடி வைத்தார். "சரி, நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அக்கா சமையலறைக்குப் போனாள்.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினார். வேறு அறையில் இருந்த பிளக்கில் மாட்டினார். பன்னிரண்டாம் நிமிடம் அணைந்தது. மெமரி அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பதினோராம் நிமிடம் அணைந்தது. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பவர் சப்ளையை மாற்றிப் போட்டார். அதில்தான் அவருக்கு நம்பிக்கை. பத்தாம் நிமிடம் அணைந்தது. மணி பதினொன்றாகியிருந்தது.

யோசித்துக்கொண்டே உள்ளே கை விட்டார். பிராசசரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டிய உலோகக் கட்டியும் அதன் ஃபேனும் விரலில் பட்டன. சூட்டினால் அணைகிறது என்றால் அந்தக் கட்டி கொதிக்க வேண்டும். அது சில்லென்றிருந்தது. சூடு கீழே இருக்கிறது, மேலே ஏறவில்லை. நடுவில் ஏதோ மறிக்கிறது.

நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிக் கட்டியைத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார்.

அடிப்பாகத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன்மேல், சூட்டைக் கடத்துவதற்காக அவரே தடவிய பேஸ்ட் காய்ந்து பரவியிருந்தது. பேஸ்டுக்கு அடியில் சிவப்பு எழுத்து: பொருத்தும் முன் இந்தத் தாளை உரித்துவிடவும்.

மறந்துபோய் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மறக்கவில்லை. அவர்கள் வீட்டில் புதுப் பொருளின் தாளை யாரும் உரிப்பதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஏழு வருடமாக இருக்கிறது. ரிமோட் இன்னும் உறைக்குள்தான். உரித்தால் பொருள் பழசாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாளின் ஒரு மூலையில் மருமகள் நகத்தை வைத்தாள். "மாமா, இதுல என்னமோ எழுதியிருக்கு" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "எல்லாம் கம்பெனி விளம்பரம். புதுசு புதுசாவே இருக்கட்டும், கீறல் விழுந்துடும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

சர்க்யூட்டுக்குக் காது மடல் சுட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம். முன்னறையில் அத்தான் செய்தித்தாள் புரட்டும் சத்தம். யாரும் பார்க்கவில்லை. தாளை உரித்தார். அது ஒரே இழுப்பில், சத்தமே இல்லாமல் வந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதுப் பேஸ்ட் தடவிக் கட்டியைப் பொருத்தினார். அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது.

பதினோரு நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. ஒரு மணி நேரம் ஆனபிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஓடுதாடா? நிஜமாவா? என்னதான்டா ஆச்சு அதுக்கு?"

"தூசி" என்றார் அவர். "உள்ள தூசி அடைச்சிருந்துது."

அக்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே சுருங்கியது. "ஐயோ, நான் மேல மட்டும்தான்டா துடைச்சேன். உள்ளயும் துடைக்கணும்னு எனக்குத் தெரியல." முன்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, தூசிதானாம். நான்தான் துடைக்காம விட்டுட்டேன்."

"நான் சொல்லலை?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

சர்க்யூட் ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் அடுக்கத் தொடங்கினார். அக்கா உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். ஆனால் கோப்பைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தையும், தொட்டால் உடைந்துவிடும் என்பதுபோல, ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு அடித்தாள். நிமிடத்துக்கு அறுபது சொல் அடித்து இந்த வேலைக்குத் தேர்வானவள் அவள். அவர் அவள் தோளுக்கு மேலே படித்தார்.

'முதல் இரண்டு கோப்புகள் தாமதமானதற்கு என் கவனக்குறைவே காரணம். கம்ப்யூட்டரைச் சரியாகப் பராமரிக்க எனக்குத் தெரியவில்லை. இனி'

"அனுப்பாத" என்றார்.

"ஏன்டா, எழுத்துப் பிழையா?"

அவர் பையிலிருந்து தாளை எடுத்துக் கீபோர்டு மேல் வைத்தார். அது மெல்ல மெல்லத் தானாக விரிந்தது. "தூசி இல்லக்கா. இது உள்ள இருந்துது. நான்தான் விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

அக்கா சிவப்பு எழுத்தைப் படித்தாள். கதவோரம் வந்து எட்டிப் பார்த்த மகளும் படித்தாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல மாமா, என்னமோ எழுதியிருக்குன்னு?"

"சொன்ன."

"அப்புறம் எதுக்கு நான் கேம் போட்டேன்னு சொன்னீங்க?"

அவர் சுருண்ட தாளின் மூலையை விரலால் நீவினார். மருமகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பதில் பேச வசதியாக இருந்திருக்கும். "எத்தனை தடவை எழுதியிருக்கேன் பாரு அந்த நோட்டுல" என்றாள். பிறகு எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. நீயே எழுது."

அவர் எழுதினார். தான் மேற்படியாரின் தம்பி என்றும், நல்ல எண்ணத்தில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்ததாகவும், புதுப் பொருள் கெடக்கூடாது என்ற அக்கறையால் ஒரு சிறு கவனப் பிசகு நேர்ந்ததாகவும் எழுதினார். அக்கா பின்னால் நின்று ஒரு விரலை நீட்டி நீட்டி அழிக்கச் சொன்னாள்.

"நல்ல எண்ணத்தை எடு. அக்கறையை எடு."

"அக்கா..."

"'சிறு'வையும் எடு."

கடைசியில் இரண்டு வரி நின்றது. 'கம்ப்யூட்டரைக் கட்டியவன் நான். தவறு என்னுடையது, அக்காவுடையது அல்ல.' அவளே பொத்தானை அழுத்தி அனுப்பினாள். மணி ஒன்று ஆகியிருந்தது.

"நகரு, எனக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு" என்று உட்கார்ந்தாள். முதல் நிமிடம் ஒற்றை விரல்தான். பிறகு இரண்டு கையும் இறங்கின. கீபோர்டு மழை பிடித்ததுபோலச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை சர்க்யூட் முதன்முதலாகக் கேட்டார். அவளுக்கு இவ்வளவு வேகம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

அந்தக் கோப்பு மூன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை, வேலை தொடரலாம் என்று பதில் வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு இவை எதுவும் அவருக்குத் தெரியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வாசல் நான்கு அடி தூரத்தில் இருந்தது. அத்தான் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"என்னப்பா டாக்டர், தூசியை எல்லாம் எடுத்தாச்சா? இவளுக்கு ஒரு துடைப்பம் வாங்கிக் கொடுத்துட்டுப் போ."

சர்க்யூட் பையைக் கீழே இறக்கினார். எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தூசி இல்ல அத்தான்" என்றார். "அன்னைக்கு விருந்துல நான் ஒண்ணு சொன்னேன்ல, அதுல இருந்து ஆரம்பிக்கணும். அந்தப் பத்துப் பேர்கிட்டயும் சொல்லணும். முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."