ஸ்டாரை விரிக்காத புரோகிராம்

"மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்குடே" என்றார் அண்ணாச்சி. தென்காசியில் நான் புரோகிராமராக இருந்த கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி அவர். எண்பதுகளின் கடைசி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் கம்ப்யூட்டர் தும்மும் என்பது அவருடைய விஞ்ஞானம்.

மறுநாள் ஒரு டுட்டோரியலில் பரீட்சை. ஹால் டிக்கெட் நாங்கள் அச்சடிக்க வேண்டும். ஆபரேட்டர் செல்வி, கீழப்பாவூர்க்காரி, வகுப்புக்கு ஒரு ஃபைலாகப் பெயர்களை டைப் செய்திருந்தாள். அச்சடிக்கும் புரோகிராம் மெட்ராஸ் எக்ஸ்பர்ட் ஒருவருடையது. பெரிய மெஷின்களில் ஓடும் யூனிக்ஸுக்கு எழுதியதை, ஒரு வரியும் மாற்றாமல், எங்கள் பி.சி.யில் ஓடும் டாஸுக்கு கம்பைல் பண்ணி அனுப்பியிருந்தார் அந்த மேதை.

ஸ்டார் போட்டால் 'எந்தப் பெயரானாலும்' என்று அர்த்தம். எல்லா ஃபைலும் சேர்ந்து வர *.DAT என்று கொடுத்தால், 'அந்தப் பெயரில் ஃபைல் இல்லை' என்றது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டோம்.

"இங்க ஓடுது சார். உங்க ஆபரேட்டர் ஏதாவது தப்பா அடிச்சிருப்பாங்க" என்றார் எக்ஸ்பர்ட்.

அண்ணாச்சி சளியை மறந்துவிட்டார். எல்லோர் முன்னாலும், "ஏட்டி, ஒன் கைதான் வெளங்காத கை. இனிமே இங்கன வராத" என்றார்.

செல்வி அழவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே அடிச்சுப் பாருங்கண்ணே."

அடித்தேன். அதே பதில். ஸ்டாரை விட்டுவிட்டு ஒரே ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அவள் டைப் செய்ததில் கோளாறே இல்லை.

யூனிக்ஸில், நாம் அடிக்கும் கட்டளையை முதலில் வாங்குகிற ஷெல், ஸ்டாரைப் பார்த்ததும் தானே ஃபைல் பெயர்களாக விரித்து புரோகிராமிடம் கொடுத்துவிடும். டாஸ் அந்த வேலையைச் செய்யாது. ஸ்டாரை ஸ்டாராகவே புரோகிராமிடம் தள்ளிவிடும். விரிப்பது புரோகிராமின் பாடு. யூனிக்ஸிலேயே ஓட்டிப் பார்த்த எக்ஸ்பர்ட்டுக்கு இது தெரியாது. கேட்கும் பழக்கமும் கிடையாது. ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் FOR கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதினேன். சாயங்காலத்துக்குள் எல்லா டிக்கெட்டும் வந்துவிட்டது.

"சரிட்டி, நாளைக்கு வா" என்றார் அண்ணாச்சி, பெரிய மனசோடு.

"என் கைமேல தப்பு இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, வாரேன்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "தப்பு அந்த ஸ்டார் மேலதான்."

செல்வி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அந்த சீசனுக்கு எக்ஸ்பர்ட் குடும்பத்தோடு குற்றாலம் வந்தார். அண்ணாச்சி செலவில் ரூம், எண்ணெய்க் குளியல், சால்வை.

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: ஸ்டார் ஓடவில்லையென்றால், அதை விரிக்க வேண்டியது யார் என்று முதலில் பாருங்கள். அடித்தவள் கையைப் பார்ப்பதற்கு அண்ணாச்சிமார் போதும்.