பார் திறக்கப் பிணை நின்றவர்கள்

அரசாங்கம் பிணை நிற்கும் கடனில் பார் திறக்கலாம் என்று அறிந்த நாளிலிருந்து எனக்குக் கனடாவின் மீது தனிப் பற்று வந்துவிட்டது. நான் கடனைக் கட்டாமல் விட்டால் வங்கிக்கு வரும் நட்டத்தில் பெரும் பங்கை அரசாங்கமே ஏற்குமாம். என் முகத்தைக்கூடக் கண்டிராத அரசாங்கம்.

நகரத்து ஹோட்டல் ஒன்றின் பாரில் மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தே என் தலை நரைத்தது. நம் தமிழ்ச் சனம் நிறைந்த அஜின்கோர்ட்டில் சொந்தமாக ஒரு பார் திறந்து நம்மவர்களுக்கு ஊற்ற வேண்டும் என்பது ஆசை. சாதாரணக் கடன் கேட்ட இடங்களில் பார் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

வங்கியில் என் விண்ணப்பத்தைப் பார்த்தவள் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. நான் கொடுத்த கடை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், என்ட்ரன்ஸ் ஏன் பின்னுக்கு இருக்கு?"

"எங்கட சனம் ரோட்டுப் பக்கத்தால பாருக்குள்ள வராது பிள்ளை. ஆரும் கண்டால் கதை கட்டுவினம்."

"அப்ப ரோட்டுப் பக்கம் என்ன?"

"சுவர்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வெக்கப்படுற கஸ்டமரை நம்பி லோன் குடுக்கேலாது அங்கிள். வருவம் எண்டு ஆக்களிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆட்களுக்கா பஞ்சம்? சனிக்கிழமை மாலையானால் ஸ்காபரோவிலிருந்து அஜக்ஸ் வரை நம்மவர்களின் வீட்டுக் கார் கராஜுகளில் மடக்குக் கதிரைகள் விரியும், போத்தல்கள் திறக்கும். கதவு முக்கால்வாசி இறங்கியிருக்கும். வெளியே நிற்பவர்களுக்குக் கால்கள் மட்டும் தெரியும். எந்தக் கால் யாருடையது என்று தெருவுக்கே தெரியும் என்றாலும், அந்த முக்கால் கதவுதான் எல்லோருடைய மானத்தையும் காத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பிக்கரிங்கில் மச்சானின் கராஜில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நாள் தவறாமல் வருவதாக ஒருவர் சத்தியமே செய்தார். நான் பேப்பரை நீட்டியதும் எல்லோருடைய கைகளுக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

கோயில் நிர்வாக சபையில் இருக்கும் அண்ணை கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "குடிக்கிறது வேறை தம்பி, குடிக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கிறது வேறை."

"நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை உது வெளியில வந்தால்?" என்றான் மச்சான். அவனுடைய பிள்ளை அப்போதுதான் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

அரசாங்கமே பிணை நிற்கிறது, மச்சான் நிற்கமாட்டேன் என்கிறான். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்தது. குசினிக்குள் போய் மனைவியிடம் பொருமினேன். அங்கே அவளும் மச்சானின் மனைவியும் மற்றப் பெண்களும் கராஜுக்காக ஆட்டிறைச்சி பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு வீட்டில் அவர்களுக்கு அதுதான் வேலை. முடிந்தபின் கிளாஸ் கழுவுவதும் அவர்கள்தான்.

"அந்தப் பேப்பரைத் தாங்கோ," என்றாள் மனைவி.

பேப்பர் என் கைக்குத் திரும்பி வந்தபோது அதில் எண்ணெய்க் கறையும் நிறையக் கையெழுத்துகளும் இருந்தன. தங்கள் கணவர்மார் ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்டாயம் பாருக்கு வருவார்கள் என்று பெண்கள் உறுதி கொடுத்திருந்தார்கள். மச்சானின் மனைவி வெள்ளிக்கிழமையையும் சேர்த்திருந்தாள்.

வங்கிப் பிள்ளை அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "சனிக்கிழமையில எங்கட அம்மாவிலயும் பொரிச்ச மணம்தான்," என்றாள். கடன் கிடைத்தது. ரோட்டுப் பக்கம் கதவும் பெரிய கண்ணாடி ஜன்னலும் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

திறப்பு விழாவன்று கணவர்மாரை மனைவிமாரே காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆண்கள் தலையைக் குனிந்தபடி முன்கதவால் வந்து, ஜன்னலுக்கு எட்டாத மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கார்களை நிறுத்திவிட்டுப் பெண்களும் உள்ளே வந்தார்கள். மூலையில் இருந்த கிளாஸ்கள் மேசைக்குக் கீழே போயின. பெண்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் ஜன்னலோரத்துப் பெரிய மேசையில் உட்கார்ந்தார்கள்.

"என்னப்பா, நீரும் வந்திட்டீர்?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஆட்டிறைச்சிப் பொரியல் இருக்கோ?"

"ஓம்."

"ஆர் பொரிக்கிறது?"

"நான்தான்."

"அப்ப சுடச்சுடக் கொண்டுவாங்கோ," என்றாள். "இவ்வளவு வருசமும் நாங்கள் ஆறினதைத்தான் சாப்பிட்டனாங்கள்."