நாற்பத்தொன்றாம் பக்கம்

பவுலின் மேடத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். கான்கிரீட் பற்றியதா, கொதிகலன் பற்றியதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. கட்டின கயிற்றை வெட்டமாட்டார், பொறுமையாக முடிச்சை அவிழ்ப்பார். புத்தகத்தை மேசையில் நிறுத்தி, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றித் திறந்து விரலால் நீவிவிடுவார். அப்படிச் செய்தால்தான் முதுகு ஒடியாதாம்.

"பொறந்த கொழந்தய எண்ணெ தடவி நீவறாப்பலதான் சார்" என்பார்.

கல்யாணமே செய்துகொள்ளாதவர் பேசுகிற பேச்சைப் பார் என்று மனசுக்குள் கிண்டல் செய்திருக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வேங்கடேசன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த நிலத்தில் மூன்று மாடி எழுப்பிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் எனக்கு. கல்லூரிப் பெயர் வேண்டாம். பவுலின் அங்கே 1996 முதல் நூலகர். திண்டிவனத்துக்காரர். அப்பா தபால்காரராக இருந்து இறந்துபோனவர். வீட்டில் அம்மாவும் இவரும்தான். தபால் வழியில் நூலகப் படிப்பு முடித்து வேலைக்கு வந்தவர்.

ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. முதல் பக்கத்தில் குத்துகிற முத்திரையைத் திருடுகிறவன் கிழித்துப் போட்டுவிடலாம். அதனால் உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தை நூலகரே முடிவு செய்து, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்திவைப்பார். வெளியே சொல்வதில்லை. எங்கள் நூலகத்தில் அது நாற்பத்தொன்றாம் பக்கம். பவுலின் வீட்டுக் கதவு எண் அது. அப்போது அவருக்கும், முத்திரை குத்துகிற உதவியாளர் அம்சாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்சாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பாதி முத்திரை தலைகீழாக விழும். பவுலின் அதற்காக ஒருநாளும் திட்டியதில்லை.

2001இல் லேப்புக்கு இன்டர்நெட் வந்தது. ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், இந்த வெப்சைட்டுலாம் எப்டிப் பண்றாங்க? எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

"அதுக்கு நெறைய படிக்கணும் மேடம்."

"படிக்கத்தான சார் லைப்ரரில ஒக்காந்துக்கினு இருக்கேன்."

ஓடிப்போகட்டும் என்று எச்டிஎம்எல் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். பழைய பதிவேட்டின் பின்பக்கங்களில், கம்ப்யூட்டரில் அடிக்கவேண்டிய வரிகளை எல்லாம் பேனாவால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கூடவே, நான் கல்லூரிக்காகச் செய்திருந்த பக்கத்தில் ஓர் அட்டவணையை முடிக்கிற குறியை அடிக்காமல் விட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் நூலகத்துக்கென்று ஒரு வலைப்பக்கம் எழுந்து நின்றது. புத்தகத்தின் பெயர், எழுதியவர், எண், அதற்குக் கீழே அவரே எழுதிய இரண்டு வரி. 'பாலம் ஏன் இடிகிறது என்று தெரிந்துகொள்ள மூன்றாம் அத்தியாயம் போதும்' என்கிற மாதிரி. அதைப் படித்துவிட்டுப் பையன்களும் பெண்களும் துண்டுச்சீட்டோடு வந்து நின்றார்கள். பக்கத்தின் அடியில் 'தொகுப்பு: பவுலின், நூலகர்' என்று இருக்கும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நானும் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

2003இல் கல்லூரிக்கு அனுமதி நீட்டிக்க ஆய்வுக் கமிட்டி வருவதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு லாரி வந்தது. உள்ளே ஆயிரத்து நூற்று நாற்பது புத்தகங்கள். அத்தனையும் புத்தம் புதிது. தாளாளர் அரங்கநாதன் வெள்ளை வேட்டியோடு நூலகத்துக்கே வந்தார்.

"என்னாம்மா, புக்கு புக்குன்னு கேட்டுக்கினே இருந்தியே. போதுமா?"

பவுலினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். மொதப் பக்கத்துல சீல் கீல் குத்தி அசிங்கம் பண்ணாத. கமிட்டி வந்துட்டுப் போவட்டும்."

அவர் சொன்னபடியே முதல் பக்கத்தைத் தொடவில்லை. ஆனால் முத்திரை இல்லாத புத்தகத்தைத் தட்டில் அடுக்க பவுலினுக்குக் கை வராது. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றித் தாளாளர் ஒன்றும் சொல்லவில்லையே! அம்சா நான்கு நாள் தரையில் உட்கார்ந்து குத்தித் தள்ளினாள். புத்தகப் பட்டியலை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு லாரிக்காரன் என் கையில் கொடுத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு பவுலின் ஆயிரத்து நூற்று நாற்பதையும் வலைப்பக்கத்தில் ஏற்றினார். கமிட்டி அதைப் பார்த்துவிட்டு அசந்துபோனது. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு நூலகமா என்று ஒருவர் எழுதியே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அதே லாரி வந்தது. ஆட்கள் இறங்கித் தட்டிலிருந்து புத்தகங்களை அள்ளினார்கள். அம்சாவையும் கட்டுக் கட்டச் சொன்னார்கள். பவுலின் லேப்புக்கு ஓடிவந்தார்.

"சார், புக்கெல்லாம் எடுத்துக்கினு போறாங்க சார். பைண்டிங்குக்கா?"

வாடகைப் புத்தகம் என்று எனக்கு முன்பே தெரியும். கமிட்டி வருகிறபோது வந்து, போனதும் கிளம்பிப்போய் அடுத்த கல்லூரியில் இறங்குகிற புத்தகங்கள். நான்தான் அவருக்குச் சொன்னேன். சொன்ன விதத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அவர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்ததும் முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து அந்தப் புத்தகங்களை நீக்கப் போனார். "இல்லாத புக்க இருக்குன்னு என் பேர் போட்டு எப்டி சார் வெச்சிருக்கறது?" என்றார். இதற்குள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அந்தப் பட்டியலில் யாரும் கைவைக்கக் கூடாது என்றார். நான் வந்து வலைப்பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. ஆயிரத்து நூற்று நாற்பது பொய்யும் அப்படியே நின்றது, அடியில் அவர் பெயரோடு.

மூன்று வருடம் அந்தப் பொய்க்கு அவர்தான் பதில் சொன்னார். பிள்ளைகள் சீட்டோடு வருவார்கள், "வெளிய போயிருக்குப்பா" என்பார். புதுக் கட்டு வந்தாலும் முடிச்சை அவிழ்க்கிற வேலையை அம்சாவிடம் விட்டுவிட்டார்.

2006இல் வேறொரு கமிட்டி வந்தது. அதில் ஒருவர் வில்லங்கம் பிடித்தவர். வலைப்பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து, பத்துப் புத்தகத்துக்கு நேரே பேனாவால் டிக் அடித்து, எடுத்துவாருங்கள் என்றார். ஒன்றுகூட இல்லை. தாளாளர் அசரவே இல்லை. "எங்க லைப்ரேரியன் தொலைச்சிட்டாங்க சார், நடவடிக்கை எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

விசாரணை தாளாளர் அறையில் நடந்தது. மேசைமேல் அதே அச்சுத்தாள்கள்.

"நீதான எழுதி வெச்சிருக்க? ஒம்பேருதான இது? புக்கு எங்க?"

பவுலின் அன்றைக்குத்தான் ரகசியப் பக்கத்தை வெளியே சொன்னார். "அதுல ஒவ்வொரு புக்குலயும் நாப்பத்தோராம் பக்கத்துல நம்ம சீல் இருக்கு சார். லாரில ஏத்தி அனுப்புனீங்களே, இன்னிக்கும் அது எங்க இருந்தாலும் இருக்கும்."

தாளாளரின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு சிரித்தார். "அப்டியா? ஒரே ஒரு புக்கு எடுத்துக்கினு வாம்மா. நானே மன்னிப்புக் கேக்கறேன்."

பவுலின் என் பக்கம் திரும்பினார். "லாரி வந்தது சாருக்குத் தெரியும். சொல்லுங்க சார்."

"நான் லேப்ல இருந்தேன் மேடம். கவனிக்கல" என்றேன்.

வாசலில் நின்ற அம்சாதான் உள்ளே வந்து சொன்னாள். "லாரிலதான் போச்சு சாரு. நாந்தான் கட்டுக் கட்னேன்." இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அவளுக்கு இருந்த துணிச்சல் எம்.சி.ஏ. படித்த எனக்கு இல்லை. அன்றைக்கே அவளுக்கு வேலை போயிற்று. பவுலினுக்கு மறுநாள். அவருடைய பணிச் சான்றிதழில் 'இவர் பொறுப்பில் இருந்த 1,140 நூல்கள் காணவில்லை' என்று தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு எந்த நூலகமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

2008இல் நான் விழுப்புரம் பக்கம் வேறு கல்லூரிக்கு மாறினேன். அங்கேயே என் மகள் புனிதாவுக்கும் ஊழியர் பிள்ளை என்று இடம் கொடுத்தார்கள். 2010இல் ஒரு புதன்கிழமை, அங்கேயும் கமிட்டி வருவதற்கு முன்னால் லாரி வந்து நின்றது. நூலகத்துக்கு ஏதோ வேலையாகப் போனவன், தட்டிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்தேன். கை தானாகவே நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தது.

ஊதா மை வெளுத்திருந்தது. பழைய கல்லூரியின் முத்திரை, தலைகீழாக. அடுத்த புத்தகத்தைத் திறந்தேன், அதிலும் இருந்தது. ஏழு வருடமாக எத்தனை ஊர் போய் வந்தனவோ, ஒருவர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கவில்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம், புனிதாவின் பரீட்சை விண்ணப்பத்துக்காக விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். பவுலின் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிற வேலையாம். சும்மா இருக்கும் நேரத்தில், மாவட்ட நூலகத்துக்கு வருகிற புதுப் புத்தகங்களைப் பற்றி இரண்டு இரண்டு வரி எழுதி ஒரு வலைப்பூ நடத்துவதாகச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சார், திண்டிவனத்துல சிஸ்டருங்க ஸ்கூல்ல லைப்ரேரியன் வேல இருக்கு. சர்ட்டிஃபிகேட்ல இருக்கற அந்த வரிதான் பேஜாரு. நான் சொல்றதுக்கு அத்தாட்சியா ஒரே ஒரு புக்கு காட்டுனாப் போதும், திங்கக்கெழம வரைக்கும் பாக்கறோம்னு மதர் சொல்லிக்கிறாங்க. நீங்க நாலு காலேஜ் போய் வர்றவரு. நாப்பத்தோராம் பக்கம். எங்கியாவது கண்ணுல பட்டுதா சார்?"

"இல்லீங்களே மேடம்" என்றேன். "பட்டா சொல்றேன்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி வந்துவிட்டுப் போனதும், அந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என்னைப் பற்றியே கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொண்டேன் என்றும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை லாரிக்காரன் எண்ணி எண்ணி ஏற்றினான். கடைசியில், "ஒண்ணு கொறையுதே" என்றான். கல்லூரி முதலாளி போர்டிகோவில்தான் நின்றுகொண்டிருந்தார். "தேடுங்கய்யா, ஜல்தி. எவன் எடுத்தான்?" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். நான் லேப்புக்கு ஓடிப் போய்ப் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்து, "என் டேபிள்ல இருந்திச்சு சார்" என்று சொல்லி லாரியில் ஏற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை போயிற்று. சிஸ்டர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்திருக்கலாமே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். லேப்பில் பையைத் திறந்தபோதே தோன்றியது. பக்கத்தைத் திறந்து, தாளைக் கிழிக்கப் பிடித்தும்விட்டேன். கிழித்தது யார் என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்து மூடிவிட்டேன். ஏழு வருடமாக யாருமே திறந்து பார்க்காத பக்கம் அது.